நெம்மேலிக் கடலும் கருங்குழிக் கழிவும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவிடந்தையும் வடநெம்மேலி முதலைப் பண்ணையும் தாண்டி மாமல்லபுரம் போகிற பேருந்தில், கடல் பக்கத்துச் சன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு பெரிய வளாகம் கண்ணில் படும். நெம்மேலி கடல்நீர் குடிநீராக்கும் நிலையம் அதுதான். 2013 பிப்ரவரியில் நாளைக்கு 10 கோடி லிட்டர் என்ற கணக்கில் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் அங்கேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொரு நிலையம், சுமார் 1,517 கோடி ரூபாய் செலவில் திறக்கப்பட்டது. அதுவும் போதாதென்று பக்கத்துப் பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பானின் ஜைக்கா அமைப்பு கடன் கொடுக்க, 4,276 கோடி ரூபாய்த் திட்டம் அது. அடையாறிலும் வேளச்சேரியிலும் திருவான்மியூரிலும் குழாயைத் திறந்து குடம் பிடிக்கிறவர்களுக்கு வருவது இந்தக் கரையோரத்துக் கடல்தான்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதி, கரைந்திருக்கும் உப்புகள் எல்லாம் சேர்ந்து லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம். ஆக, கடல்நீரில் உள்ள உப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் பிரித்தெடுத்தாக வேண்டும். முதலில் குப்பை, பாசி, மண் எல்லாவற்றையும் வடிகட்டுகிறார்கள். பிறகு கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட சவ்வின் மீது 55 முதல் 70 பார் அழுத்தத்தில் நீரைச் செலுத்துகிறார்கள். கார் சக்கரத்தில் அடைத்த காற்றின் அழுத்தத்தைப் போல இது ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு. அந்த நெருக்கலில் நீர் மட்டும் சவ்வைக் கடந்து வந்துவிடுகிறது, உப்பு பின்தங்கிவிடுகிறது. வருகிற நீர் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருப்பதால் அப்படியே குழாயில் விட முடியாது, குழாயையே அரித்துவிடும். அதனால் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்த்து, குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள்.

இதற்கு விலை உண்டு. இந்த முறையில் ஆயிரம் லிட்டர் குடிநீருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். நெம்மேலியின் இரண்டு நிலையங்களும் முழு அளவில் ஓடினால் ஒரே நாளில் ஏழரை முதல் பத்து லட்சம் யூனிட். எடுக்கிற கடல்நீரில் பாதிக்கும் மேல், ஏறக்குறைய இரட்டிப்பு உப்போடு மறுபடியும் கடலுக்கே போகிறது. நிலையத்தை ஒட்டிய சூளேரிக்காட்டுக்குப்பத்து மீனவர்கள், கரை அரித்துப்போய்ப் படகு நிறுத்த மணல் இல்லை, கிணறு உப்பாகிவிட்டது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். ஊர் குடிக்கத் தண்ணீர் தருகிற நிலையத்தின் மதிலுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களின் குறை முதலில் காதில் விழுந்திருக்க வேண்டும்.

கிணறு உப்பாவது அந்தக் கரை முழுக்கவே இருக்கிற அபாயம். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை மணல்மேடுகளுக்கு அடியில் மழைநீர் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. நிலத்தடி நன்னீரின் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் அடியிலிருக்கும் உப்புநீர் ஏறக்குறைய நாற்பது மீட்டர் மேலேறும் என்பது நீரியல் அறிஞர்கள் நூறாண்டுக்கு முன்பே போட்ட கணக்கு. பண்ணை வீடும் சொகுசு விடுதியும் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்ச உறிஞ்ச, பத்தடி தள்ளிக் குப்பத்துப் பெண்கள் இறைக்கும் தண்ணீர் கரிக்கத் தொடங்குகிறது. 2004 ஆழிப்பேரலை கரையோரக் கிணறுகளுக்குள் கடலைக் கொண்டுவந்து ஊற்றியபோது, அவற்றை அவசரமாக இறைத்துக் காலி செய்ய வேண்டாம் என்று வல்லுநர்கள் எச்சரித்ததற்கும் இதுதான் காரணம். அளவுக்கு மீறி இறைத்தால் மேலே மிதந்த கொஞ்சநஞ்ச நன்னீரும் போய், அடியிலிருந்து உப்பு வந்துவிடும்.

இன்னும் தெற்கே கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் வேறொரு வழியையும் செய்து காட்டியிருக்கிறது. அணுமின் நிலையத்தின் நீராவி வெப்பத்தால் கடல்நீரை ஆவியாக்கி நாளைக்கு 45 லட்சம் லிட்டர், சவ்வு வழியாக 18 லட்சம் லிட்டர் என இரண்டையும் இணைத்த நிலையம் அது. கடலைக் குடிநீராக்க முடியுமா என்ற கேள்விக்குச் செங்கல்பட்டு மாவட்டத்துக் கரையே விடை சொல்லிவிட்டது. வானத்திலிருந்து உப்பில்லாமல் இலவசமாக விழுகிற தண்ணீரை இதே மாவட்டம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்பார்கள். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது மதுராந்தகம் ஏரியும் கொளவாய் ஏரியும் நூற்றுக்கணக்கான சிற்றேரிகளும் இதன் பங்காயின. மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமரின் கதையைச் சொல்லாத ஆள் இருக்க முடியாது. 1790களில் ஆங்கிலேய ஆட்சியர் லயோனல் பிளேஸ், அடைமழை இரவில் கரை உடையப் போகிறதென்று அஞ்சிப் போய்ப் பார்த்தபோது, வில்லேந்திய இரண்டு இளைஞர்கள் காவல் நிற்கக் கண்டார் என்பது கதை. அந்தக் காலத்து ஏரிக்கு வந்த ஆபத்து கரை உடைவது. இப்போது வருகிற ஆபத்து கரையைத் தொடுவதே இல்லை, சாக்கடை வழியாக உள்ளே வருகிறது. ரயிலில் செங்கல்பட்டு நெருங்கும்போது தண்டவாளத்தை ஒட்டி விரியும் கொளவாய், நகரத்துக் கழிவுநீரை வாங்கி வாங்கி ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்த காலத்தைப் பயணிகள் பலர் பார்த்திருப்பார்கள். கோடிகள் ஒதுக்கித் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தும் வேலையைத் தொடங்கினார்கள், நல்லதுதான். ஆனால் கழிவு வருகிற வாயை அடைக்காமல் தூர் மட்டும் வாரினால் அடுத்த பத்தாண்டில் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

பாலாற்றின் கதை இன்னும் நீளம். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலைத் தொடுகிற ஆறு. வருஷத்தில் பெரும்பகுதி மணலாகத்தான் தெரியும். ஆனால் அந்த மணலுக்கு அடியில் ஓடும் நீரைத்தான் உறைகிணறுகள் வழியாக எடுத்துச் செங்கல்பட்டும் தாம்பரமும் பல்லாவரமும் குடித்து வளர்ந்தன. ஆற்றுமணலைப் போல ஒரு வடிகட்டியை எந்தக் கம்பெனியும் செய்ததில்லை. மெதுவாக இறங்குகிற நீரிலிருந்து சேற்றையும் கிருமியில் பெரும்பங்கையும் அது பிடித்துவைத்துக்கொள்கிறது. ஆற்றின் முகத்துவாரத்தில் வசவசமுத்திரம் என்ற சிற்றூரில் 1970 வாக்கில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது, ரோமானிய மதுச்சாடித் துண்டுகளோடு சுடுமண் உறைகிணறும் வெளிவந்தது. கடலுக்கு எட்டும் தொலைவில் நல்ல தண்ணீர் எடுப்பது எப்படி என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அங்கே கப்பல் பிடித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டோம். மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகள் உப்பையும் குரோமியத்தையும் ஆற்றில் விட்டன. 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்று வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் கண்டதை 1996 ஆகஸ்ட் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில்தான். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30-ஆம் தேதி, அதே ஆறு, அதே தொழில், அதே பாதிப்பு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு வந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அதற்குள் கல்யாண வயதாகிவிட்டது.

கீழ்ப்பாலாற்றில் வயலூரிலும் ஈசூர் வள்ளிபுரத்திலும் தடுப்பணை கட்டியது அண்மைக் காலத்தில் நடந்த உருப்படியான காரியம். ஆற்றுநீர் தேங்கி மணலில் இறங்குகிறது, கடல் உள்ளே ஏறுவது குறைகிறது.

மூலத்தில் நல்ல தண்ணீராகவே எடுத்தாலும் வீடு வந்து சேர்வதற்குள் கெட்டுப்போகலாம். 2024 டிசம்பர் முதல் வாரம், ஃபெஞ்சல் புயல் மழை ஓய்ந்திருந்த நேரம், பல்லாவரத்தில் மலைமேடு, காமராஜர் நகர்ப் பகுதிகளில் 30-க்கும் மேற்பட்டோர் வாந்தி பேதியோடு மருத்துவமனைக்குப் போனார்கள். மூன்று பேர் இறந்தார்கள். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது என்றார்கள் ஊர்மக்கள். மரணத்துக்குத் தண்ணீர்தான் காரணமென்று சொல்லிவிட முடியாது, ஆய்வு முடிவு வரட்டும் என்றார்கள் அமைச்சர்கள். மாதிரி எடுத்து அனுப்பிவிட்டு, குழாயை நிறுத்தி லாரியில் தண்ணீர் கொடுத்தார்கள். காரணம் பற்றிய வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் தெருக்களைப் போன்ற தெருக்களில் குழாய்த் தண்ணீருக்குள் சாக்கடை எப்படி வருகிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை.

நம் ஊர்களில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் ஓரிரு மணி நேரம்தான் வருகிறது. விடுகிற நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால், விரிசல் இருந்தால் நீர் வெளியே கசியும். நிறுத்தியதும் குழாய் காலியாகி உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அதே விரிசல் வழியாக வெளியே தேங்கியிருப்பதை உள்ளே இழுக்கிறது. பழைய குழாயும் சாக்கடையும் ஒரே பள்ளத்தில் ஓடுகிற இடங்களில் வெளியே தேங்கியிருப்பது எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு வீட்டுக்கு வீடு குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறோம். மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் ஏறாததால் மாட்டிய மோட்டார், பள்ளத்துத் தெருவின் சாக்கடையைக் குழாய்க்குள் இழுத்து எல்லார் குடத்திலும் ஊற்றுகிறது. மழைக்காலத்தில் பேதி வருவது மழையால் அல்ல. மழையில் குழாய்ப் பள்ளங்கள் நிரம்பிவிடுவதால்தான்.

இதைத் தடுக்கிற கடைசிக் காவல், கிலோ கணக்கில் விற்கும் பிளீச்சிங் பவுடர். 1903-இலேயே இந்திய மருத்துவப் பணியில் இருந்த வின்சென்ட் நெஸ்ஃபீல்டு என்ற ராணுவ மருத்துவ அதிகாரி, குளோரினைக் கொண்டு குடிநீரைச் சுத்தம் செய்யும் முறையை எழுதி வெளியிட்டார். அமெரிக்காவின் ஜெர்சி நகரம் ஊர் முழுவதற்கும் குளோரின் கலந்த நீர் கொடுக்கத் தொடங்கியது 1908-இல். ஊராட்சியில் இன்றைக்கு அந்த வேலை டேங்க் ஆபரேட்டருடையது. ஆயிரம் லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம். பிளாஸ்டிக் வாளியில் பவுடரைப் போட்டு, கொஞ்சம் நீர் விட்டுக் கூழாகக் குழைத்து, வாளி நிறைய நீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட வேண்டும். அடியில் படிகிற சுண்ணாம்பைத் தள்ளிவிட்டுத் தெளிநீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் பொறுத்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். பல இடங்களில் இந்த அரை மணி நேரம்தான் முதலில் காணாமல் போகிறது. ஈரத்தில் கட்டித்தட்டிப்போன மூட்டையில் குளோரின் பாதிகூட மிஞ்சியிருக்காது, அளவு சரியாகப் போட்டும் பயனில்லை.

"என்னண்ணே, இன்னைக்கி மருந்து வாசனை தூக்குது?" என்று குடத்தோடு வந்த பெண் கேட்டால், ஆபரேட்டர் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் பதில் சொல்கிறார். மருந்தைக் குறைத்தால் புகார் வராது, கூட்டினால் வரும். இந்த வழக்கம் மாற வேண்டும். வாசனை வருகிறதென்றால் தொட்டியிலிருந்து தன் வீடு வரை கிருமியைக் கொல்ல ஆள் வந்திருக்கிறது என்று பொருள். தெருக்கோடிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது தரவிதி. சுகாதாரப் பணியாளர் பையில் இருக்கும் குளோரோஸ்கோப் என்ற சிறு கருவியில் அந்த நீரை ஊற்றி, சில சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும், இல்லாவிட்டால் நிறம் மாறாமல் நிற்கும். பல்லாவரம் மாதிரியான சம்பவம் நடந்த மறுநாள் தெருத்தெருவாக இந்தச் சோதனை நடக்கும். அதற்கு முந்தின நாள் நடந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

குழாயை நம்பாதவர்கள் கேன் தண்ணீருக்குப் போகிறார்கள், வசதியுள்ளவர்கள் ஆர்ஓ என்கிற சவ்வு வடிகட்டியை வீட்டில் மாட்டுகிறார்கள். விற்பனையாளர் கையில் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் இருக்கும். குழாய் நீரில் முக்கினால் 400, ஆர்ஓ நீரில் முக்கினால் 40. வீட்டுக்காரர் மிரண்டுபோய்ப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். அந்த மீட்டர் நீரில் கரைந்த உப்பை மட்டும் காட்டும். காலரா கிருமி கோடிக்கணக்கில் இருந்தாலும் அதற்குத் தெரியாது. 400 என்பது குடிக்கத் தக்க அளவுதான். டிடிஎஸ் 500-க்குள் இருக்கிற இடங்களில் ஆர்ஓ வேண்டாம், அனுமதிக்கும் இடங்களிலும் நூற்றுக்கு அறுபது பங்கு நீரையாவது மிச்சப்படுத்தும் கருவியாக இருக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதமே சொன்னது. உப்புக் கரிக்கும் ஆழ்துளை நீரைக் குடிக்கிற கடற்கரை வீட்டுக்கு ஆர்ஓ தேவை. உப்பு அளவோடு இருக்கிற பாலாற்றுத் தண்ணீர் வருகிற வீட்டுக்கு, கிருமியைக் கொல்லக் கொதிக்கவைப்பதே போதும். குமிழ் பொங்கித் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி சாகும், வெதுவெதுப்பாக்கி இறக்கினால் சாகாது. பாட்டிமார் பானையில் உரசிய தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும், கிருமியைக் கொல்லாது. கொதித்து ஆறிய நீரிலும் சொம்பை விரல்களோடு சேர்த்து முக்கி எடுத்தால் எல்லாம் வீண். நீளக் காம்பு அகப்பையோ, குழாய் வைத்த பானையோ போதும்.

இத்தனையும் கெட்ட பிறகு செய்கிற வைத்தியம். கெடாமல் காக்கும் வேலையை அறிய, சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் மதுராந்தகத்துக்கு அருகே இருக்கும் கருங்குழிக்குப் போக வேண்டும். பேரூராட்சி அது. மாமல்லபுரத்துக்குப் போகிற கூட்டத்தில் ஒருவர்கூட அங்கே இறங்கிப் பார்க்க மாட்டார். தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017-இல் அங்கேதான் இயங்கத் தொடங்கியது. நாளைக்கு 23,300 லிட்டர் கொள்ளளவு, நெம்மேலியோடு ஒப்பிட்டால் துளி. ஆனால் அது கையாளுகிற சரக்கு வேறு.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். பெயர்தான் டேங்க். பல வீடுகளில் அடித்தளம் பூசாத உறைக்குழிகள்தான், மண்ணுக்குள் இறங்கிப் பக்கத்துக் கிணற்றுக்குப் போகும். நிரம்பினால் கழிவுநீர் லாரியைக் கூப்பிடுவோம். வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்று யாரும் கேட்பதில்லை. இருட்டில் ஏரிக்கரை, நெடுஞ்சாலைப் பாலத்தடி, வாய்க்கால், ஆள் நடமாட்டம் இல்லாத எந்தப் பள்ளமும். ஏரியில் விழுந்தது மண்ணில் இறங்கி நம் ஆழ்துளைக் கிணற்றுக்கே திரும்புகிறது. லாரிக்காரரைத் திட்டுவது சுலபம். ஊற்றுவதற்கு ஓர் இடத்தை அவருக்கு யாரும் காட்டவில்லை என்பதுதான் உண்மை. 2014-இல் தமிழக அரசு மலக்கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. கருங்குழி அந்த இடத்தைக் கட்டிக் காட்டியது.

அங்கே நடப்பது எளிய வேலை. லாரி வந்து கம்பிவலை வழியாகக் கசடைக் கொட்டும். துணி, பிளாஸ்டிக், நாப்கின் எல்லாம் அங்கே சிக்கும். மிச்சம் மணலும் ஜல்லியும் பரப்பிய படுகைகளில் பரவும். நீர் அடியில் வடிந்து தனியே சுத்திகரிப்புக்குப் போகும், மேலே கசடு வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். காய்ந்ததைச் சுரண்டி எடுத்து எருவாக்கலாம். சவ்வு கிடையாது, 60 பார் அழுத்தம் கிடையாது. பெரும்பகுதி வேலையைச் செங்கல்பட்டு வெயிலே பார்த்துக்கொள்கிறது. அந்தக் கசடு மதுராந்தகம் ஏரிக்குப் போயிருந்தால் அதைத் தேடிப் பிரிக்க எத்தனை கோடி ஆகுமென்று யோசித்தால் இதன் அருமை புரியும். கருங்குழிக்குப் பிறகு தமிழ்நாட்டில் பல ஊர்கள் இதே போன்ற நிலையங்களைக் கட்டின. ஆனாலும் நெம்மேலிக்குக் கிடைக்கும் பெருமிதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலா கடற்கரைக் கோயிலோடும் முதலைப் பண்ணையோடும் திரும்பிவிடுகிறது. பிள்ளைகளுக்கு ஒருமுறை இந்தப் படுகைகளையும் காட்டலாம்.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். சாலை, தெருவிளக்கு, நூறு நாள் வேலை பற்றிய கேள்விகளோடு அன்றைக்கு இன்னும் சிலவற்றைக் கேட்கலாம். மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது என்றைக்கு? பிளீச்சிங் பவுடர் எந்த மாதம் வாங்கியது, எங்கே வைத்திருக்கிறீர்கள்? தெருக்கோடிக் குழாயில் குளோரின் பார்த்த பதிவேட்டைக் காட்ட முடியுமா? நம் ஊருக்கு வருகிற கழிவுநீர் லாரிக்கு உரிமம் இருக்கிறதா, போன மாதம் எத்தனை நடை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நம் தண்ணீரைச் சோதித்த அறிக்கை எங்கே? பதில் எதுவானாலும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், அடுத்த சபை மே 1-ஆம் தேதி.